கவுண்டி கோர்ட் ஆவணம்: இணையத்தில் தேடுவதா, கிளர்க்கிடம் கேட்பதா, காசு கட்டி வாங்குவதா?

அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கின் காகிதம் வேண்டுமென்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. வழக்கு நடந்த கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரி) கோர்ட் இணையதளத்தில் நாமே தேடலாம். கோர்ட்டுக்கு நேரில் போயோ தபால் எழுதியோ, கோப்புகளைப் பராமரிக்கும் கிளர்க்கிடம் கேட்கலாம். இல்லையென்றால், பெயரைக் கொடுத்தால் போதும், முழு வரலாறையும் எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற தனியார் தேடல் தளம் எதிலாவது பணம் கட்டலாம். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது நான் இந்த மூன்றையும் பார்த்தேன். கடைசியில் கிளர்க் ஜன்னலுக்குத்தான் போனேன், கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை.

என் விஷயம் சின்னது, ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேருக்கு நடப்பது. ஹெச்1பி வேலை விசாவின் நீட்டிப்பு நிலுவையில் இருந்த மாதங்களில் ஓட்டுநர் உரிமத்தின் தேதி முடிந்துவிட்டது. ஒரு காலையில் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டி, செல்லாத உரிமத்தோடு ஓட்டியதாக டிக்கெட் எழுதிவிட்டார். கலிஃபோர்னியாவில் இதைச் சாதாரண போக்குவரத்து மீறலாகவும் போடலாம், மிஸ்டமீனர் என்கிற சிறு குற்றமாகவும் போடலாம். புது உரிமம் வந்ததும் கோர்ட்டில் காட்டினேன், தள்ளுபடி செய்துவிட்டார்கள். பல வருடம் கழித்து குடியுரிமைப் படிவம் எப்போதாவது கைதானீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்று கேட்கும்போது, தள்ளுபடி ஆகிவிட்டது என்ற நம் வாய்ச்சொல் போதாது. வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு கோர்ட்டே சான்றிட்ட காகிதம் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை சரியான கோர்ட் எது என்று தெரிந்துகொள்வது. கலிஃபோர்னியாவில் அது சுலபம். 58 கவுண்டிகள், கவுண்டிக்கு ஒரு சுப்பீரியர் கோர்ட். முன்பு முனிசிபல் கோர்ட் என்று தனியாக இருந்தது. 1998-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பிறகு ஒவ்வொரு கவுண்டியாக இணைத்து 2001-க்குள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். டிராஃபிக் டிக்கெட், விவாகரத்து, கொலை வழக்கு எல்லாமே இன்று அந்த ஒரே கோர்ட்டில்தான், கட்டடம் மட்டும் வேறு வேறு. கவுண்டி கிளர்க்-ரெக்கார்டர் என்று ஓர் அலுவலகம் இருக்கும், அது வேறு. திருமணச் சான்று, வீட்டுப் பத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். விவாகரத்துத் தீர்ப்பு கிடைக்காது, அதற்கு கோர்ட் கிளர்க்கிடம்தான் போக வேண்டும். திவால் வழக்குகள் மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டைச் சேர்ந்தவை. அவற்றை பேசர் என்கிற தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டிப் பார்க்கலாம். ஒரு ஆவணத்துக்கு 3 டாலருக்கு மேல் போகாது, மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் அதையும் கேட்க மாட்டார்கள். கவுண்டி வழக்கு எதுவும் அங்கே இருக்காது.

தனியார் தளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பல இடங்களிலிருந்து மொத்தமாக வாங்கிய தரவை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் பொருத்திக் காட்டுகிறார்கள். யாரும் பார்க்கக் கூடாதென்று கோர்ட் பிற்பாடு முத்திரையிட்டு மூடிய வழக்கின் பழைய பிரதி அவர்களிடம் அப்படியே கிடக்கலாம். தள்ளுபடியான வழக்கில் குற்றச்சாட்டு மட்டும் தெரிந்து முடிவு தெரியாமல் போகலாம். வேலைக்கோ வாடகைக்கோ ஆள் பார்க்கிறவர்கள் 1970-ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் அறிக்கையைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தத் தளங்களில் பெரும்பாலானவை நாங்கள் அந்த வகை இல்லை என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இவர்கள் தருகிற அறிக்கையை எந்த அரசு அலுவலகத்திலும் நீட்ட முடியாது. எந்தக் கவுண்டி என்றே தெரியாதபோது ஒரு துப்பு கிடைக்கலாம். அதற்கு மேல் நான் இதற்குப் பணம் செலவழிக்க மாட்டேன்.

கோர்ட் இணையதளம் அப்படியில்லை, அது உண்மையிலேயே பயனுள்ளது. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். வழக்கு எண் கிடைக்கும். என்றைக்கு என்ன நடந்தது என்ற பட்டியல் கிடைக்கும். சிவில் வழக்கு என்றால் பல கவுண்டிகளில் மனுவையே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் குற்ற வழக்கு, குடும்ப வழக்கு ஆவணங்களை வீட்டிலிருந்து பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. கலிஃபோர்னியா கோர்ட் விதி 2.503 அதைத் தடுக்கிறது. அதே கோப்பு கோர்ட் கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் திறக்கலாம். ஆக, சட்டமே நம்மைக் கட்டடத்துக்கு அனுப்புகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பெயரை வைத்துத் தேடவே தனியாகக் கட்டணம் உண்டு.

இந்தக் குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை ஜன்னல் பக்கம் தள்ளியது வேறு ஒன்று. இணையத்தில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால், அதற்கு என்ன அர்த்தம்?

வழக்கே இல்லை என்று அர்த்தமா? இருக்கலாம். பெயர் வேறு மாதிரி பதிவாகியிருக்கலாம். வழக்கு பக்கத்துக் கவுண்டியுடையதாக இருக்கலாம். கணினிக்கு ஏற்றாத பழைய கோப்பாக இருக்கலாம். முத்திரையிட்டு மூடியிருக்கலாம். காலம் முடிந்து அழித்திருக்கலாம். இத்தனைக்கும் திரையில் வருவது ஒரே வரிதான். அந்தத் திரையை அச்செடுத்துக் குடியுரிமை அதிகாரியிடம் கொடுத்தால், அது எதற்கும் சான்று ஆகாது.

நம் பெயர்களால் இந்தச் சிக்கல் இரண்டு மடங்காகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். சமூகப் பாதுகாப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாம் அதே வழியில் போகும். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொள்வோம். கிரீன் கார்டில் அந்தப் புதுப் பெயர் இருக்கும், டிக்கெட்டில் பழைய பெயர் இருக்கும். இன்ஷியலை விரித்தவர்கள், விரிக்காதவர்கள், நீளமான பெயரை நடுவில் வெட்டிய கணினிகள், சாலையோரம் நின்று அவசரமாகத் தட்டிய போலீஸ்காரர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் கொஞ்சம் மாறும். இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் என் வழக்கு வரவில்லை. பழைய பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டும் வரவில்லை.

பிறந்த தேதியை வைத்துத் தேடலாமே என்று தோன்றும். அது இப்போது நடக்காது. ரிவர்சைட் கவுண்டி கோர்ட்டின் இணையத் தேடலை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ போட்டுப் பொதுமக்கள் குற்ற வழக்குகளைத் தேட விடுவது கோர்ட் விதிகளுக்கு மாறானது. தண்டனை முடித்து வெளியே வந்தவர்களைக் காலமெல்லாம் துரத்தக் கூடாது என்ற நோக்கத்தில் போட்ட வழக்கு அது, நான் அந்தத் தீர்ப்பை ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விளைவு, இணையத் தேடல் முழுக்கப் பெயரை நம்பி நிற்கிறது. செந்தில், கார்த்திக் என்று சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது மாப்பிள்ளைக்கு இங்கே முன்பே விவாகரத்து வழக்கு இருந்ததா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு குடும்ப வழக்கு திரையில் வந்துவிட்டது என்பதற்காக அது அவருடையதுதான் என்று சொல்லிவிடாதீர்கள். கோப்பைப் பார்க்காமல் பேசினால் ஒரு குடும்பத்துக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

அப்புறம், அழிப்பு. கோர்ட் கோப்புகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. சாதாரணப் போக்குவரத்து மீறலுக்கு வழக்கு முடிந்ததிலிருந்து 1 வருடம், மிஸ்டமீனருக்கு 5 வருடம் (குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு போன்ற சிலவற்றுக்குக் கூடுதல்), விவாகரத்துக் கோப்புக்கு 30 வருடம். வழக்கு முடிந்து குடியுரிமை வரை வருவதற்கு நம்மவர்களுக்கு எத்தனை காலம் ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள் சின்ன வழக்குகளின் காகிதம் போயே போயிருக்கும்.

கிளர்க் ஜன்னலின் பெருமை இங்கேதான். கோப்பு இருந்தால் சான்றிட்ட நகல் தருவார்கள். இல்லையென்றாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். இந்தப் பெயரிலும் இந்த டிக்கெட் எண்ணிலும் தேடினோம், பதிவு இல்லை, அல்லது விதிப்படி அழிக்கப்பட்டது என்று கோர்ட்டின் பெயரில் ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்கலாம். குடியுரிமை அலுவலகம் எதிர்பார்ப்பதும் அதுதான்: முடிவைக் காட்டும் சான்றிட்ட நகல், அது கிடைக்காவிட்டால் பதிவு இல்லை என்று கோர்ட் சான்றளித்த கடிதம். திரையில் வருகிற வெற்று வரி நம்மைச் சந்தேகத்தில் விடுகிறது. அதே பதில் கோர்ட் கடிதத்தில் வந்தால் விஷயம் முடிந்தது.

எனக்குக் கோப்பு கிடைத்தது. ஜன்னலில் இருந்த அம்மாள் என் பழைய உரிமத்தின் நகலைப் பார்த்துவிட்டு, எஃப்.என்.யூ.வை விட்டுவிட்டு டிக்கெட் எண்ணைப் போட்டார். இரண்டு எழுத்து இடம் மாறிப் பதிவான பெயரில் வழக்கு வந்து நின்றது. கடைசித் தாளின் பின்புறம் மூலத்துக்குச் சரியான நகல் என்ற முத்திரை, தேதி, துணை கிளர்க்கின் கையெழுத்து. விரலால் தடவினால் அழுத்து முத்திரையின் மேடு தட்டுப்பட்டது. நகலை வாங்கியதும் அந்த மேட்டைத் தேடிப் பாருங்கள், அல்லது மை முத்திரையாவது தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே கேட்டால் உடனே திருத்தித் தருவார்கள்.

செலவு இருக்கிறது, மறைப்பதற்கில்லை. பக்கத்துக்கு 50 சென்ட். சான்றிடுவதற்கு 40 டாலர், விவாகரத்து ஆவணத்துக்கு மட்டும் 15. தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னொரு 15 டாலர். வழக்கு எண்ணை முன்பே இணையத்தில் எடுத்துக்கொண்டு போனால் இந்தக் கடைசி 15 மிச்சம். வரிசையில் நிற்க வேண்டும், பாதுகாப்புச் சோதனை உண்டு, ஜன்னலைப் பல இடங்களில் அலுவலகம் முடியும் முன்பே மூடிவிடுவார்கள். அரை நாள் விடுப்பு போட்டுவிடுவது நல்லது. வழக்கு உண்டா இல்லையா என்று தெரிந்தால் மட்டும் போதும், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்பவர்களுக்கு இத்தனை அலைச்சல் தேவையில்லை, இணையதளமே போதும்.

நான் சொல்வது கலிஃபோர்னியா அனுபவம். விஸ்கான்சினில் மாநிலம் முழுவதற்கும் ஒரே இலவசத் தேடல் தளம் 1999 முதல் இருக்கிறது, மேரிலாந்திலும் அப்படி ஒன்று உண்டு. அங்கே இணையத்தின் பக்கம் தராசு இன்னும் கொஞ்சம் சாயலாம். டெக்சாஸில் 254 கவுண்டிகள், பெரிய கவுண்டிகளில் டிஸ்ட்ரிக்ட் கிளர்க், கவுண்டி கிளர்க் என்று இரண்டு தனி அலுவலகங்கள். விவாகரத்தும் பெரிய குற்ற வழக்குகளும் பொதுவாக முதலாமவரிடம், மிஸ்டமீனர்கள் இரண்டாமவரிடம், நகர போலீஸ் கொடுத்த டிக்கெட் முனிசிபல் கோர்ட்டில். அங்கே நான் ஜன்னலில் நின்றதில்லை, ஆகவே எவ்வளவு வேகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சான்றிட்ட நகல் கிளர்க்கிடமிருந்துதான் வர வேண்டும் என்பது அங்கேயும் மாறாது.

ஊருக்குத் திரும்பிவிட்டவர்கள் தபாலில் கேட்கலாம். வழக்கு எண், அன்றைக்கு இருந்த பெயர், பிற்பாடு மாறிய பெயர், எந்த ஆவணம், எத்தனை சான்றிட்ட நகல் என்று எழுதி, முகவரி எழுதிய உறை ஒன்றையும் வைத்து அனுப்ப வேண்டும். எத்தனை பக்கம் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், இத்தனை டாலருக்கு மேற்படாமல் என்று எழுதிய காசோலையைப் பல கோர்ட்டுகள் ஏற்றுக்கொள்கின்றன, சரியான தொகையை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அமெரிக்க வங்கிக் கணக்கை மூடிவிட்டவர்கள் இங்கே இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்வதுதான் சுலபம்.

விவாகரத்துத் தீர்ப்பை இந்தியாவில் காட்ட வேண்டியவர்கள் சான்றிட்ட நகலோடு நிற்காமல், ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிவிடுங்கள். அதற்கான சர்வதேச ஒப்பந்தம் இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் மாநிலச் செயலர் அலுவலகம் 20 டாலருக்குச் செய்து தருகிறது. சான்றிட்ட நகலைக் கொடுத்தால், அதிகாரமுள்ள நீதிமன்றம்தான் அந்தத் தீர்ப்பை வழங்கியது என்று இந்திய நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு இந்தியாவில் செல்லுமா என்பது 13-ஆம் பிரிவின் கேள்வி, அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள். கிளர்க்கிடம் கேட்கும்போதே இரண்டு நகலாகக் கேட்டுவிடுங்கள். அப்போஸ்டிலுக்குப் போகிற நகல் திரும்பி வரும்வரை இன்னொன்று கையில் இருக்கும்.