மொறிஸ் மைனரில் எஸ்.யு. காபரேற்றர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

1098 சிசி இயந்திரம் கொண்ட எனது மொறிஸ் மைனர் 1000, யாழ்ப்பாணத்து வெயிலிலும் புழுதியிலும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது ஒன்றேகால் அங்குல வாய் கொண்ட எஸ்.யு. நிறுவனத்தின் எச்.எஸ்.2 வகைக் காபரேற்றர், அதாவது காற்றையும் பெற்றோலையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் கருவி. பழைய கார் என்றால் காபரேற்றர் ஓயாத தொல்லை என்ற பேச்சு இங்கு பரவலாக உள்ளது. என் அனுபவம் அதற்கு நேர்மாறானது: ஒழுங்காக அமைத்துவிட்டால் இதைத் தொட வேண்டிய தேவை அரிது, இதன்மீது சுமத்தப்படும் குறைகளில் பெரும்பாலானவை வேறு இடத்தில் பிறந்தவை.

இயந்திரம் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்ப காபரேற்றரின் உள்ளிருக்கும் பிஸ்ரன் தானாக மேலெழுகிறது. அதன் அடியில் பொருத்தப்பட்ட, நுனி நோக்கி மெலியும் ஊசியும் கூடவே உயர்வதால், பெற்றோல் வரும் வழி அகலுகிறது. ஆகவே எல்லா வேகங்களுக்கும் ஒரே ஜெற் (பெற்றோல் வரும் துளை). கலவையைத் திருத்த, கீழே ஒரே ஒரு நட்டு. இந்த எளிமையினாலேயே, எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் அந்த நட்டையே திருப்பிவிடுகிறார்கள்.

நட்டைத் தொடுமுன் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலமாகவும், பற்றவைப்பு மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலமாகவும், பிளக் இடைவெளி 0.025 அங்குலமாகவும் இருக்க வேண்டும். பிறகு பிஸ்ரனை உயர்த்தி விட்டால், அது தடையின்றி இறங்கி ‘டக்’ என்ற ஒலியுடன் அமர வேண்டும். அமராவிட்டால் ஜெற் நடுவில் இல்லை, அல்லது பிஸ்ரன் ஏறி இறங்கும் மேல்கிண்ணத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது. துணியில் பெற்றோல் நனைத்துத் துடைத்தாலே போதும், அரத்தாள் கூடவே கூடாது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்கள் இங்கு பல. அப்படி ஓட்டவும் பிறகும் பலர் கைவைத்த காபரேற்றரில் நட்டு நிற்கும் இடத்தை நம்ப முடியாது என்பதால், ஜெற்றை மேல்மட்டம் வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்குவதே சரி.

இயந்திரம் நன்றாகச் சூடேறிய பின், பிஸ்ரனைத் தூக்கவென்றே காபரேற்றரில் உள்ள சிறு கம்பியால் அதை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துகிறேன். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே தளர்ந்தால் குறைவு. கணநேரம் மட்டும் சற்றுக் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி.

எனது காரில் இந்தச் சோதனை நெடுங்காலம் நிலையான விடை தரவில்லை. ஐடிலிங் (கார் நிற்கையில் இயந்திரம் ஓடும் வேகம்) ஏறி இறங்கும். கலவையைக் கூட்டினால் அடங்கும். ஆனால் பிளக்குகள் கரிபிடித்துக் கறுத்துவிடும். காரணம், காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் துரொட்டில் தண்டு தேய்ந்துபோனது. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது ஆட்டம் கைக்கே தெரிந்தது. ஐடிலிங்கில் துரொட்டில் தட்டு ஏறத்தாழ மூடியிருப்பதால், தண்டோரம் கசியும் சிறிதளவு காற்றும் கலவையைக் குலைத்துவிடுகிறது. தட்டு அகலத் திறந்து ஓடும்போதோ அதே கசிவு பொருட்டல்ல. எனவே ஐடிலிங்குக்காகக் கூட்டிய பெற்றோல், ஓட்டத்தில் முழுவதும் வீணாகிறது. கடைசல் பட்டறையில் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) ஏற்றிப் புதிய தண்டு போட்ட பின், நட்டு அமைத்த இடத்திலேயே நிற்கிறது. பிளக்குகள் இளம்பழுப்பு நிறத்திற்கு வந்துவிட்டன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். பங்கீட்டில் கிடைத்த பெற்றோலை ஓட்டிய நாட்களில் இந்த வேலையின் அருமை நன்கு விளங்கியது.

வெப்பம் மட்டும் உண்மையான குறை. இந்த இயந்திரத்தில் காபரேற்றரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருப்பதால், நண்பகலில் நிறுத்திய சில நிமிடங்களில் காபரேற்றரில் பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தில் அது ஆவியாகத் தொடங்கி, மீண்டும் தொடக்குவது கடினமாகிறது. சோக்கைத் தொடாமல், அக்சிலரேற்றரை முழுவதும் அழுத்தியபடி ஸ்ராட் செய்தால் பிடித்துக்கொள்ளும். இடையே வெப்பத் தடுப்புத் தகடு வைத்த பின் தொல்லை குறைந்ததே தவிர, சித்திரை வெயிலில் இன்னும் எட்டிப் பார்க்கிறது.

காபரேற்றரின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே எஸ்ஏஈ 20 தர எண்ணெய் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அது வற்றினால் திடீரென அழுத்தும்போது கார் தயங்கும். எஸ்.யு. பாகங்களை இங்கிலாந்தின் சோல்ஸ்பரியிலுள்ள பேர்லன் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. வாங்கும்போது ஊசியையும் ஜெற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இந்த இயந்திரத்துக்குரிய ஊசியின் தண்டில் ‘ஏஎன்’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்.