டேப்பர் ஆஃப், பீட்டர் அவுட்: எதை எங்கே எழுதலாம்?

வலிமை மெல்லக் குறைவதை ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘டேப்பர் ஆஃப்’ என்பதா ‘பீட்டர் அவுட்’ என்பதா என்று பலர் தயங்குகிறார்கள்.

பிறப்பு: டேப்பர் என்பது மெல்லிய மெழுகுவத்தி, நுனி நோக்கிக் கூம்பும் அதன் வடிவமே வினையாயிற்று. பீட்டர் அவுட், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சுரங்கங்களில் தாது தீர்ந்துபோவதைக் குறித்த வழக்கு. (நம் ஊரில் ‘பீட்டர் விடுவது’ வேறு.)

கட்டுப்பாடு: முக்கிய வேறுபாடு இதுவே. ஸ்டீராய்டு மருந்தின் அளவை மருத்துவர் படிப்படியாகக் குறைப்பதும், 2013இல் அமெரிக்க மத்திய வங்கி தன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கப்போவதாக அறிவித்ததும் டேப்பர் வகையைச் சேர்ந்தவை. ஒருவர் திட்டமிட்டுக் குறைக்க இயலும் என்பதால், அது செயப்படுபொருளையும் ஏற்கிறது. பீட்டர் அவுட் அவ்வாறு ஏற்பதில்லை. ஆர்வமோ பேச்சுவார்த்தையோ போராட்டமோ தானாகச் சோர்ந்து ஓய்வதையே அது குறிக்கிறது, அதில் சற்று ஏமாற்றமும் ஒலிக்கிறது.

தொனி: முன்னது அறிக்கைக்கும் பொருந்தும், பின்னது பேச்சுநடைக்கு நெருக்கமானது.

ஆகவே மருந்து, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றின் அளவு குறைவதற்கு டேப்பர் ஆஃப் ஏற்றது. மழை ஓய்வதற்கும் அதையே பரிந்துரைப்பேன். ஆரவாரமாகத் தொடங்கி, முடிவை எட்டாமலே தேய்ந்துபோன திட்டத்துக்குப் பீட்டர் அவுட்டை விடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.