எங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டர்: ஆறு வருடம், காற்றுக்கும் சேர்த்து

போன மாதம் மீட்டர் நின்றுவிட்டது. சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, முள் மட்டும் அசையவில்லை. எழுதிக்கொடுத்து ஒன்பதாம் நாள் நகராட்சி பிட்டர் வந்தார். சீலை வெட்டி, நட்டைக் கழற்றி, தண்ணீர் நுழையும் வாயிலிருந்த சின்ன வலையை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். ஒரு தேக்கரண்டி மணல், கொஞ்சம் துரு, முழுசாக ஒரு நத்தை ஓடு. "ஆறு வருஷமா இதைக் கழுவவே இல்லையா சார்?" என்று என்னையே கேட்டார். சீலை நான் தொட்டால் அபராதம் என்று பில்லின் பின்னால் அச்சடித்திருப்பதைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டுப் போனார். இப்போது ஓடுகிறது.

அதே வாரம் மச்சினன் போன் செய்தான். "மாமா, எங்க ஊர்லயும் மீட்டர் வைக்கப் போறாங்களாம். விடறதா, சண்டை போடறதா?" போனில் அரை மணி நேரம் பேசியும் பதில் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மீட்டர் எல்லா வீட்டிலும் இருக்கிற அதே சாதாரண வகைதான். 15 மி.மீ., மல்டி ஜெட் (பல துளை வழியாக வரும் தண்ணீர் உள்ளே ஒரு சக்கரத்தைச் சுற்றும்), கிளாஸ் பி (எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்பதற்கான தரம்). கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு அதற்குக் கீழே. மணிக்கு 120 லிட்டருக்கு மேல் ஓடினால் இரண்டு சதவீதத்துக்குள் சரியாகக் காட்ட வேண்டும், 30 லிட்டர்வரை குறைந்தால் ஐந்து சதவீதம்வரை தவறலாம். இதில் எனக்குப் புகார் இல்லை. இருபது லிட்டர் குடத்தை வைத்துப் பல தடவை பிடித்துப் பார்த்துவிட்டேன், தண்ணீரைப் பொறுத்தவரை யோக்கியமாகத்தான் எண்ணுகிறது.

பிரச்சினை, தண்ணீர் வருவதற்கு முன்னால் வருகிற நான்கு நிமிடம்.

எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். நடுவில் குழாய் காலி. வால்வைத் திறந்ததும் அங்கிருந்து கிளம்பும் தண்ணீர், குழாயில் அடைந்திருக்கிற காற்றை எல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. காற்றுக்குப் போக வேறு வழி இல்லை, எங்கள் மீட்டர்தான் வழி. உள்ளே இருக்கிற சக்கரத்துக்குத் தள்ளுவது காற்றா தண்ணீரா என்று தெரியாது. 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம், முள் கிறுகிறுவென்று பறக்கும், சம்ப்பில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. முதல் தடவை டார்ச் அடித்துப் பார்த்தபோது 90 லிட்டர் ஓடியிருந்தது. அப்புறம் ஒவ்வொரு முறையும் பார்க்க ஆரம்பித்தேன். 70, 95, 80, ஒரு நாள் 120. தெருவில் நாங்கள் கடைசி வீடு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அலுவலகத்தில் போய்ச் சொன்னால் "காற்றுக்கு மீட்டர் ஓடாது சார்" என்றார்கள். வீடியோவைக் காட்டினேன். "அப்படின்னா ஏர் வால்வு போட்டுக்கோங்க." குழாயிலிருக்கும் காற்றை மட்டும் வெளியே விடும் வால்வு அது. போட்டேன், பிளம்பர் கூலியோடு 900 ரூபாய். மீட்டருக்கு முன்னால் போட்டால்தான் அது வேலை செய்யும். பின்னால் போட்டால், எண்ணி முடித்த காற்றை வெளியே விட்டு என்ன பயன்? காற்றுக் கணக்கு 30 லிட்டருக்கு இறங்கியது, ரொம்ப சந்தோஷம். அடுத்த முறை ரீடிங் எடுக்க வந்தவர், மீட்டருக்கு முன்னால் எதையும் பொருத்தக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். போடச் சொன்னதும் அதே அலுவலகம்தான். ஆறு மாதத்தில் அது மணல் ஏறிச் சொட்ட ஆரம்பித்தது, நானே கழற்றிவிட்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் இதையும் சொல்ல வேண்டும். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 90 முறை தண்ணீர் வருகிறது, முறைக்கு 90 லிட்டர் காற்று, ஆக 8,100 லிட்டர். எங்கள் ஊர்க் கட்டணத்தில் அது நூறு ரூபாய்கூட வராது. நூறு ரூபாய்க்காகத் தொள்ளாயிரம் செலவு செய்தவன் நான். மனைவி இதை வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவாள்.

ஆனால் என் கோபம் பணத்தைப் பற்றியது அல்ல. எங்கள் தெரு வால்வைத் திறக்கும் தம்பியிடம் ஒரு நோட்டு உண்டு. 4.30-க்குத் திறந்தேன், 7.30-க்கு மூடினேன் என்று எழுதுவான். மூன்று மணி நேர விநியோகம். எங்கள் வீட்டில் முதல் சொட்டு விழுவது 5.20-க்கு. முன்னால் இருக்கிற வீடுகளில் பாதிப் பேர் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். கேட்டால், "அண்ணா, நான் வால்வு திறந்த நேரத்தைத்தான் எழுத முடியும். உங்க வீட்டுக்கு எப்ப வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறான். அவன் சொல்வது சரிதான். அந்த நோட்டிலிருந்துதான் மேலே எல்லாக் கணக்கும் போகிறது.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் சேவைத் தர அளவுகோல் என்று ஒரு கையேடு போட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், 24 மணி நேரமும் விநியோகம், எல்லா இணைப்புக்கும் மீட்டர், கணக்கில் வராத (கசிவிலோ திருட்டிலோ போய், பில்லில் ஏறாத) தண்ணீர் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, புகாரில் 80 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். (என் ஒன்பது நாள் எந்தக் கட்டத்தில் ஏறியதோ.) அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று ஏ முதல் டி வரை ஒரு தரமும் போடச் சொல்கிறது. அளந்து எழுதினால் ஏ, உத்தேசமாக எழுதினால் டி. எழுதியவர் யாரோ, எங்கள் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். வீட்டில் நான்கு பேர். 135 வீதம் நாலு நாளைக்கு 2,160 லிட்டர் வர வேண்டும். என் நோட்டுப்படி ஒரு முறைக்குச் சராசரி 1,700, ஆளுக்கு 106. இதில் காற்றும் சேர்த்தி. நேரத்தை எடுத்துக்கொண்டால், நாலு நாளைக்கு மூன்று மணி என்பது ஒரு நாளைக்கு முக்கால் மணி. கடைசி வீட்டுக்கு அதுவும் இல்லை. என் எண்ணுக்கு நானே பி போட்டுக்கொள்கிறேன், காற்று இருப்பதால்.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது பாவம். மீட்டர் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரச் சக்கரம் இருக்கிறது. துளித் தண்ணீர் போனாலும் அது சுற்றும். முதல் மூன்று வருடம் அதை அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சம்ப் நிரம்பி மிதவை மூடிக்கொண்டது, தண்ணீர் விழும் சத்தம் நின்றது. நட்சத்திரம் நிற்கவில்லை, மெதுவாக, வண்டிச் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவில் எட்டடி குழாய்தான், அதுவும் சிமென்டுக்கு அடியில். உடைத்துப் பார்த்தோம். கறிவேப்பிலைச் செடியின் வேர் ஜாயின்ட்டை நெருக்கி விரித்திருந்தது. அந்தச் செடி மட்டும் ஏன் வெயில் காலத்திலும் அப்படித் தழைத்தது என்பதற்கும் விடை கிடைத்தது.

அதைவிட, அந்த எட்டடிக்குப் பக்கத்திலேயே சாக்கடை. வருடத்தில் பெரும்பாலான நேரம் குழாய் காலி. அழுத்தம் இல்லாத குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே போவதோடு நிற்காது, வெளியே தேங்கி நிற்பதையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடத் தண்ணீர் ஏன் கலங்கலாக, ஒரு மாதிரி வாடையோடு வருகிறது, முதல் இரண்டு குடத்தை மனைவி ஏன் செடிக்கு ஊற்றுகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குழாய் முனையில் எஞ்சிய குளோரின் (கிருமியைக் கொல்லச் சேர்த்ததில் மிச்சம்) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்று விதி. சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் ஒன்று வாங்கினேன். முதல் குடத்தில் நிறமே மாறாது. அரை மணி கழித்துப் பிடித்தால் லேசாக மஞ்சள் ஏறும். காற்று, கலங்கல், வாடை எல்லாவற்றுக்கும் காலிக் குழாய்தான் காரணம். எங்கள் தெருக் குழாய்க்குள் அப்படி எத்தனை ஜாயின்ட் விரிந்திருக்கிறதோ, அங்கே நட்சத்திரம் இல்லை.

குழாயை எப்போதும் நிரப்பியே வைக்கிற ஊர்களில் இந்தச் சங்கடம் இல்லை. ஒடிசாவின் பூரியில் 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம் என்று தொடங்கினார்கள். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993-ல் 72 சதவீதத் தண்ணீர் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. எக் சோன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்று, பதினைந்து பதினாறு வருடத்தில் அதை 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ராணுவத் தளபதி ஒருவர் வீட்டுக்கு மீட்டர் பொருத்தப் போனபோது எக் சோன் சானின் தலையில் துப்பாக்கியை வைத்தார்களாம். என் தலையில் யாரும் வைக்கவில்லை, நானேதான் போய் மனு கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மச்சினனுக்குப் பதில்: உங்கள் ஊரில் தினமும் தண்ணீர் வந்தால் சண்டை போடாதே, மாட்டவிடு. நாலு நாளைக்கு ஒரு முறை என்றால், லிட்டர் கணக்கில் பில் போடும் முன் ஏர் வால்வை அவர்களையே வைக்கச் சொல்லி எழுத்தில் வாங்கு. வலையைக் கழுவ வருடம் ஒரு முறை வரச் சொல், நத்தையைப் பார்த்ததாகவும் சொல்லு. நட்சத்திரத்தைப் பார்க்கக் குழந்தைகளுக்கு இப்போதே பழக்கு.

மீட்டருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். நேற்று முறை நாள், 110 லிட்டர் காற்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மாட்ட இதே மாடலில் இரண்டாவது மீட்டர் வாங்கிவிட்டேன். மனைவிக்கு இன்னும் தெரியாது.