1 கிகாபிட்டா, 10 கிகாபிட்டா?
சிங்கப்பூரில் ஈசூன் வீட்டுக்கு விநாடிக்கு 10 கிகாபிட் வேக இணையம் எடுக்கலாமா, 1 கிகாபிட் போதுமா என்று தம்பி கேட்டான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். பதிவேற்றத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1 கிகாபிட்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஜிபான் (GPON) என்ற ஃபைபர் இணைப்பு முறையில் ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்கின்றன: இறக்க மொத்தம் 2.5 கிகாபிட், ஏற்ற அதில் பாதி. 10 கிகாபிட்டுக்கான எக்ஸ்ஜிஎஸ்-பான் (XGS-PON) முறையில் இறக்கவும் ஏற்றவும் வேகம் சமம்.

10 கிகாபைட் கல்யாண வீடியோவை ஏற்ற, பதிவேற்ற வேகம் 500 மெகாபிட் (அரை கிகாபிட்) என்றால் 160 விநாடி. 1 கிகாபிட்டில் 80. (8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அதை மறந்தால் கணக்கு உதைக்கும்.) திருச்சிப் பாட்டியோடு வீடியோ காலுக்கோ சில மெகாபிட் போதும்.

தினமும் வீடியோ ஏற்றுபவருக்கு 10 சரி. தம்பியின் லேப்டாப்பில் லேன் போர்ட்டே (இணையக் கேபிள் செருகும் இடம்) 1 கிகாபிட்தான். அப்புறம் எதற்கு? 1 போதும் என்றேன்.