எக்ஸ் சர்வருக்குக் காவலா, வேலண்டுக்கு மாற்றமா?

பெங்களூரு அல்சூரில் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் கணக்கு அலுவலகத்தின் லினக்ஸ் கணினிகளில் ஒரு செயலி மற்றொன்றை வேவுபார்க்காமல் தடுக்க எது பொருந்தும் என்று ஆராய்ந்தபோது, இரண்டு வழிகள் தென்பட்டன: திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய மென்பொருளான எக்ஸ் சர்வருக்கே காவல் போடுவது, அல்லது அதற்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாறுவது.

எக்ஸ் சர்வரும் செயலிகளும் பேசிக்கொள்ளும் விதிகளான, 1987-இல் வெளிவந்த எக்ஸ்11 நெறிமுறையில், சர்வருடன் ஒருமுறை இணைந்துவிட்ட செயலி, வேறொரு சாளரத்தில் தட்டப்படும் கடவுச்சொல்லை ஒட்டுக்கேட்கவும் முழுத்திரையைப் படம்பிடிக்கவும் முடியும். இந்தக் குறையைக் களைய, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவான எக்ஸ்ஏசிஇ (XACE) என்ற அணுகல் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு, சர்வருக்குள் பல இடங்களில் சோதனைகளைப் பொருத்துகிறது. அதன்மேல் இயங்கும், லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸின் நீட்சி, சாளரம், விசைப்பலகை, நகல்பலகை ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புக் குறியிட்டு, பயனரே விரும்பினாலும் தளர்த்த முடியாத தடையை (கட்டாய அணுகல் கட்டுப்பாடு) விதிக்கிறது. நுணுக்கத்தில் இதுவே மேல். ஆனால், தங்களுக்குள் தடையே இராது என்று நம்பி எழுதப்பட்ட பழைய செயலிகள் அந்தத் தடையில் முட்டி நின்றுவிடக்கூடும் என்பதால், எந்தச் செயலிக்கு எதில் அனுமதி என்று வகுக்கும் கொள்கையை எழுதுவது பெரும்பாடு.

2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய வேலண்டில், செயலிக்குத் தன் சாளரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. திரைப்பதிவுக்குப் பொதுவாகப் பயனரின் அனுமதி கேட்கப்படுகிறது. இது கட்டாய அணுகல் கட்டுப்பாடு அன்று; பயனர் ஏமாந்தால் காவலும் தளரும். ஆயினும், கொள்கை எழுத ஆளில்லாத எங்களைப் போன்றோருக்கு இதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். எக்ஸ்11 செயலிகளை வேலண்டில் ஓட்ட உதவும் எக்ஸ்வேலண்ட் வழியே ஓடும் பழைய செயலிகள் மட்டும் இன்னமும் ஒன்றையொன்று வேவுபார்க்க முடியும். அவற்றை முதலில் மாற்ற வேண்டும்.