வேதி லேசரா, ஃபைபர் லேசரா: சென்னைக் காற்றில் எது எடுபடும்?

ஏவுகணைத் தடுப்பு லேசர் என்றாலே பேச்சு கிலோவாட்டில்தான் தொடங்குகிறது. சென்னை போன்ற கடலோர ஊருக்கு அது இரண்டாவது கேள்வி. புறப்பட்ட கதிரில் எவ்வளவு இலக்குவரை மிஞ்சும் என்பதே முதல் கேள்வி.

வேதிவினையிலிருந்து ஆற்றல் பெறும் வேதி லேசரின் உச்சம் அமெரிக்காவின் ஒய்ஏஎல்-1. போயிங் 747 விமானத்துக்குள் மெகாவாட் வகுப்பு ஆக்சிஜன்-அயோடின் லேசர், அலைநீளம் 1.315 மைக்ரான். 2010 பிப்ரவரி 11 அன்று, எஞ்சின் எரிந்துகொண்டிருந்த ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையை அது அழித்தது. 2011இல் திட்டமே கைவிடப்பட்டது. இந்த வகையின் பெரிய பலம், கழிவு வெப்பம் வாயுவோடு சேர்ந்தே வெளியேறிவிடுவது. பலவீனம் தொட்டியில் இருக்கிறது. குளோரினையும், காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடையும் சுமந்து திரிய வேண்டும். அந்தக் கலவையைக் குளிரில் வைக்காவிட்டால் தானாகச் சிதையும். தொட்டி காலியானால் சுடுவதும் நின்றது. மக்கள் நெருக்கமாக வாழும் ஊருக்குள் குளோரின் கிடங்கு வைப்பதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

மெல்லிய கண்ணாடி இழைக்குள் கதிரை உண்டாக்கும் ஃபைபர் லேசருக்கு மின்சாரம் போதும். இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓ 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூலில் 30 கிலோவாட் லேசரால் ட்ரோன்களை வீழ்த்திக் காட்டியது. இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த இழைகள் தரும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 1.07 மைக்ரான். ஒரே இழையில் திறனை ஏற்றிக்கொண்டே போக முடியாது. ஒரு வரம்பைத் தாண்டியதும் இழைக்குள் உண்டாகும் வெப்பமே கதிரின் வடிவத்தைக் குலைத்துவிடும். அதனால்தான் பல இழைகளின் கதிரை ஒன்றுசேர்க்கிறார்கள்.

30 கிலோவாட் ஃபைபர் லேசர், கதிரைக் குவிக்க 30 செ.மீ. கண்ணாடி, 5 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒளி அலை இயல்பாகவே விரியும் அலைவிலகல் மட்டுமே 4.4 செ.மீ. அகலப் புள்ளியைத் தரும், அதாவது 15 சதுர செ.மீ. பார்வைத்தூரம் 10 கி.மீ. உள்ள நாளில் 44 சதவீதக் கதிர் போய்ச் சேரும். பெயின்ட் பூசிய 2 மி.மீ. அலுமினியத் தகடு 30 சதவீதத்தை உறிஞ்சினால், கதிர் படும் இடம் ஏறத்தாழ இரண்டு விநாடியில் உருகிவிடும். பார்வைத்தூரம் 5 கி.மீ.ஆகச் சுருங்கினால் மிஞ்சுவது 13 சதவீதம்தான். அப்போது ஏழு விநாடி ஆகும், அதுவும் கதிர் ஒரே இடத்தில் ஆடாமல் நின்றால். நிஜத்தில் இலக்கைத் தழுவி ஓடும் காற்று அந்த வெப்பத்தில் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போகும், தகடு உருக இன்னும் நேரமாகலாம். போகி காலையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாகும் அளவுக்குப் புகை மூடினால், இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

நீண்ட அலைநீளம் மெல்லிய தூசியை எளிதாகக் கடக்கும். டியூட்டிரியம் ஃபுளோரைடு வேதி லேசரின் 3.8 மைக்ரானுக்கு அந்த அனுகூலம் உண்டு. ஆனால் கடல் உப்புத்துகள் பருமனானது, அனுகூலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அலைநீளம் கூடுவதால் இலக்கில் விழும் புள்ளியும் மூன்றரை மடங்கு அகலும், கதிரின் அடர்த்தி பன்னிரண்டு மடங்கு குறையும்.

ஃபைபர் லேசருக்கு சென்னையில் உள்ள நிஜமான சிக்கல் குளிர்விப்பு. மின்சாரத்தில் 35 சதவீதம்தான் கதிராகிறது என்றால் 30 கிலோவாட் கதிருக்கு 56 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும், அதாவது பதினாறு ஒரு டன் ஏசியின் வேலை. இழைக்கு ஒளியூட்டும் பம்ப் டயோடின் அலைநீளம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகரும். 976 நானோமீட்டரில் இட்டெர்பியம் உறிஞ்சும் பட்டை குறுகலானது, குளிர்விக்கும் நீரின் சூடு ஐந்து டிகிரி ஏறினாலே திறன் சரியலாம். சரி, நீரை 20 டிகிரிக்கு இறக்கலாமா? காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலை இங்கே அடிக்கடி 24, 25 டிகிரி. இழையின் முனைக்கண்ணாடியில் வியர்வை போல நீர் கோக்கும். அந்த நிலையில் சுட்டால் பூச்சு வெந்து, கண்ணாடி விரிசல் விடும். ஆகவே பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச் சாளரத்தில் படியும் உப்பையும் தினம் துடைக்க வேண்டும், உப்பு படிந்த இடம்தான் முதலில் சூடேறும்.

தேர்வு ஃபைபர்தான், ஆனால் ட்ரோனுக்கும் குறுந்தூர ராக்கெட்டுக்கும் மட்டும். திரும்பி இறங்கும் பாலிஸ்டிக் ஏவுகணையின் முனை வெப்பக் கவசத்தோடு வருவதால், அங்கே இரண்டு லேசரும் பயன்படாது. இடைமறிப்பு ஏவுகணையே வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் ராடார் வழிகாட்டும் ஏவுகணையை விலக்கிவிட்டு லேசரை மட்டும் நம்ப முடியாது. வாங்குமுன், நிறுவப்போகும் இடத்திலேயே ஓராண்டு முழுக்க, விடியலிலும் கடற்காற்று ஏறும் பிற்பகலிலும் பார்வைத்தூரத்தை அளந்துவிடுங்கள்.