தூக்கிப் பிடித்தால்தான் பூட்டும்

நவி மும்பை ஐரோலியில் வீடு வாங்கியிருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்து, "அண்ணா, உங்க வாசக்கதவுப் பூட்டு நல்லா உழைக்குதா, அதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் அப்படி. முந்தைய நாள்தான் அதே கதவோடு மல்லுக்கட்டி, விரலிடுக்கில் ஃபெவிகால் இன்னும் உரியாமல் இருந்தது.

கதவுக்குள் புதைத்து மாட்டும் பூட்டு, இரண்டு சுற்று, கைப்பிடி சேர்ந்தது. அதெல்லாம் அவனுக்கே தெரியும். மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் அதற்கு இது நாலாவது மழைக்காலம். ஜூன் பிறந்தால் போதும், கதவைத் தோளால் இடித்து, கைப்பிடியை மேலே தூக்கி, தூக்கிய வாக்கிலேயே சாவியைத் திருப்பினால்தான் பூட்டின் நாக்கு நிலைக்குள் போகும். கையில் காய்கறிப் பை, கக்கத்தில் நனைந்த குடை, லிப்ட் கதவு வேறு பின்னால் கத்திக்கொண்டிருக்கும், இந்த நிலையில் தினமும் இந்தக் கரகாட்டம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவே இந்த வித்தையைப் பழகிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் பூட்டைத்தான் திட்டினேன். மாமியார் சாவித்துளையில் தேங்காய் எண்ணெய் விட்டார், அது தூசியைச் சேர்த்துப் பிசுபிசுத்ததுதான் மிச்சம். (பென்சில் கரித்தூள்தான் போட வேண்டுமாம்.) சாவிக்காரர் பார்த்துவிட்டு, "பூட்டு போச்சு சார், புதுசு 2,200" என்றார். மிஸ்திரி ஒருவர் இழைப்புளியோடு வந்து கதவு ஓரத்தைச் சீவவா என்றார். நல்லவேளை விடவில்லை. மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் உப்பும், ஜூலையில் சீவிவிட்டால் டிசம்பரில் காய்ந்து சுருங்கும்போது பல்லி நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருக்கும்.

இந்த வருடம்தான் புத்தி வந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. அப்போ பூட்டில் குறை இல்லை. கைப்பிடியைத் தூக்கினால் பூட்டுகிறது என்றால் கதவு தொங்கியிருக்கிறது என்று அர்த்தம், இது நாலு வருடமாக என் கையிலேயே இருந்த விடை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், மேல்கீலின் ஸ்க்ரூக்களில் இரண்டு சும்மா சுற்றுகின்றன. ஓட்டைகளில் மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, ஒன்றேகால் அங்குலத்துக்குப் பதில் இரண்டு அங்குல ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். கதவு கண்ணெதிரே எழுந்தது. அப்புறமும் லேசாக உரசல். மனைவியின் பழைய லிப்ஸ்டிக்கைப் பூட்டு நாக்கின் நுனியில் தடவிப் பூட்டிப் பார்த்தேன், நிலையில் இருக்கும் தகட்டில், நாக்கு நுழையும் ஓட்டையின் கீழ்விளிம்பில் சிவப்பு. அரத்தால் ஒரு மில்லிமீட்டர் ராவியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், சும்மாவே நாலைந்து தடவை பூட்டித் திறந்தேன். மொத்தச் செலவு நாற்பது ரூபாய்க்குள், அதுவும் ஸ்க்ரூவுக்கு.

ஆக, பூட்டின் மேல் தப்பில்லை. சாவி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை, கடல்காற்றிலும் கைப்பிடி துருப்பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தகட்டின் ஓட்டை நாக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டிருந்தால் என்ன குடி முழுகிவிடும்? பூட்டோடு வந்த இரண்டு பக்கக் காகிதத்தில் உத்தரவாதத்தைப் பற்றி எழுதத் தெரிந்தவர்களுக்குக் கதவு தொங்கினால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

தம்பியிடம் வேறு பூட்டு பார்க்கச் சொல்லிவிட்டேன். "அப்போ அண்ணா, அது நல்ல பூட்டு இல்லையா?" என்றான். நல்ல பூட்டுதான்டா, எனக்குத்தான் அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. இன்று காலைகூட, தேவையே இல்லாமல், கைப்பிடியைத் தூக்கித்தான் பூட்டினேன்.